விற்பதற்கு முன் இன்ஜினை இறக்கலாமா?

பழைய அம்பாசிடரை விற்க நினைப்பவர் முதலில் பெயின்ட் அடிப்பார், அடுத்து சீட் உறையை மாற்றுவார். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால், இன்ஜினையும் இறக்கி வேலை பார்த்துவிடலாமா என்ற யோசனை வரும். ‘இன்ஜின் புது வேலை’ என்று சொன்னால் விலை ஏறும் என்பது கணக்கு. விலைக்காக இன்ஜினை இறக்கக் கூடாது, இன்ஜின் கேட்டால்தான் இறக்க வேண்டும் என்பது என் கட்சி. அது கேட்கிறதா இல்லையா என்று அளந்தே கண்டுபிடித்துவிடலாம். இறக்கிப் பூட்டிய பிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. கடைசி வேலை சாலையில்தான் நடக்க வேண்டும். விற்கிற அவசரத்தில் அதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

பேச்சுக்கு அம்பாசிடரையே எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரான வண்டி அது. அதில் பல பத்தாண்டுகள் ஓடிய பெட்ரோல் இன்ஜின் 1489 சி.சி. கொண்ட பி.எம்.சி. ‘பி’ வரிசை. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை 1947இல் ஆஸ்டின் ஏ-40 காரில் 1200 சி.சி. அளவில் வந்தது. 1955இல் வெளியான எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சி.சி.தான். ஆகவே இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ.வுக்கு வேலை பார்ப்பவரும், நம் ஊரில் அம்பாசிடருக்கு வேலை பார்ப்பவரும் ஒரே குடும்பத்து இன்ஜினோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கிராங்க் ஷாஃப்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. சிலிண்டரின் உள்விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ. விசித்திரமான எண்களாகத் தெரிந்தாலும் அங்குலத்தில் பார்த்தால் இரண்டே முக்காலே அரைக்கால், மூன்றரை. இந்த இன்ஜினின் எல்லா அளவுகளும் அங்குலத்தில் பிறந்தவை. பட்டறையில் இன்றைக்கும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் ‘ஒரு தௌ’ என்று கணக்கு வைக்கிறார்கள்.

இன்ஜின் எங்கே தேய்கிறது? நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது கிராங்க் வினாடிக்கு 50 முறை சுற்றுகிறது. பிஸ்டன் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் நின்று திரும்புவதால், வினாடிக்கு 100 முறை அதன் வேகம் பூஜ்யமாகிறது. அதன் சராசரி வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர், நடுவழியில் அதைவிடவும் வேகமாகப் பறக்கிறது. அப்போது பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே ஆயில் படலம் இருக்கிறது, இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. மேல்முனையில் நின்று திரும்பும் கணத்தில் படலத்தை உண்டாக்கும் அசைவே நின்றுபோகிறது. பெட்ரோல் எரிந்து அழுத்தமும் வெப்பமும் உச்சத்துக்குப் போவதும் அந்த இடத்தில்தான். எரிந்த வாயு மேல் ரிங்கின் பின்பக்கம் புகுந்து, அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. படலம் மெலிந்திருக்கும் நேரத்தில் அழுத்தம் அதிகம். சிலிண்டரின் மேல்பகுதி மற்ற இடங்களைவிட வேகமாகத் தேய்வதற்கு இதுதான் காரணம்.

ஹெட்டைக் கழற்றிவிட்டு சிலிண்டரின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தை ஓட்டிப் பாருங்கள். வெகுதூரம் ஓடிய இன்ஜினில் நகம் ஒரு படிக்கட்டில் தட்டி நிற்கும். அந்தப் படிக்கு மேலே உள்ள இடத்துக்கு ரிங் ஏறுவதே இல்லை, அதனால் அங்கே தொழிற்சாலையில் குடைந்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். படிக்குக் கீழே உள்ளது வண்டி ஓடிய வரலாறு.

தேய்மானம் வட்டமாகவும் இருக்காது. கனெக்டிங் ராடு சாய்ந்தபடியே பிஸ்டனைத் தள்ளுவதால், பிஸ்டன் பக்கவாட்டில் சுவரின் மேல் சாய்கிறது. அந்தத் திசையில் சிலிண்டர் அதிகம் தேய்ந்து, வட்டம் நீள்வட்டமாகிறது. மேலே அகலம், கீழே குறுகல், குறுக்கே நீள்வட்டம் என்று ஆன துளைக்குள் வட்டமான புது ரிங்கைப் போட்டால் அது எங்கே ஒட்டும்? ‘ரிங் மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும், விற்றுவிடலாம்’ என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. சில நூறு கிலோமீட்டருக்குப் புகை அடங்கும், பிறகு வாங்கியவர் தலையில் அது திரும்ப வரும்.

பேரிங்கின் கதை இதைவிட அழகானது. 1880களில் பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக போஷாம்ப் டவர் என்பவர், ரயில் பெட்டியின் அச்சுபோல ஒரு தண்டைச் சுழலவிட்டு, அதன் மேல் பித்தளை பேரிங்கை வைத்து, அதன் மேல் பாரம் ஏற்றி, உராய்வை அளந்துகொண்டிருந்தார். தண்டின் அடிப்பகுதி ஆயிலில் நனைந்தபடி சுழன்றது. மேலிருந்து ஆயில் விடலாம் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். இயந்திரம் ஓடியதும் துளை வழியே ஆயில் உள்ளே போகாமல் வெளியே பொங்கிவந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியேறியது. மரமுளை அடித்தார், அதுவும் மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டது. அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினால், முள் 200 பி.எஸ்.ஐ.யையும் தாண்டியது. பேரிங்கின் மேல் இருந்த பாரமோ சராசரியாக 100 பி.எஸ்.ஐ. அளவுதான். பம்ப் எதுவும் இல்லாமலே, சுழலும் தண்டு ஆயிலை ஒடுங்கிய இடைவெளிக்குள் இழுத்து, அந்தப் படலத்தின் மேல் முழுப் பாரத்தையும் மிதக்கவைத்திருந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். இன்று ஓடும் ஒவ்வொரு காரின் கிராங்க்கும் அந்தச் சமன்பாட்டின் மேல்தான் சுழல்கிறது.

அம்பாசிடரின் மெயின் ஜர்னல் விட்டம் இரண்டு அங்குலம். அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பட்டறையின் பழைய கணக்கு. அதன்படி தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயிலுக்கு விடும் இடம் இரண்டு தௌ, அதாவது 0.05 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அந்த இடைவெளி தேய்ந்து இரட்டிப்பானால் என்ன ஆகும்? மெல்லிய இடுக்கின் வழியே ஒழுகும் ஆயிலின் அளவு இடைவெளியின் கனத்தைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்கு. பம்ப் அதே பம்ப்தான், ஈடுகொடுக்க முடியாமல் அழுத்தம் விழும். டாஷ்போர்டில் உள்ள ஆயில் பிரஷர் மீட்டரை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான். கண்ணுக்கே தெரியாத தேய்மானத்தை எட்டு மடங்காகப் பெருக்கிக் காட்டும் கருவி அது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. சுற்றியும், ஐடிலில் 15 பி.எஸ்.ஐ. சுற்றியும் முள் நின்றால், கீழ்ப்பகுதியைத் தொடவேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. குளிர்ந்த இன்ஜினில் முள்ளைப் பார்த்து மகிழ்வதில் அர்த்தமில்லை. கெட்டியான ஆயில் எந்தத் தேய்மானத்தையும் மறைத்துவிடும்.

மேல்பகுதிக்கு கம்ப்ரஷன் சோதனை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பது முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால், அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சோதிப்பார்கள். அழுத்தம் ஏறினால் ஆயில் ரிங்கின் ஓட்டையை அடைத்திருக்கிறது, ஆகவே கோளாறு ரிங்கிலோ சிலிண்டரிலோ. ஏறவில்லை என்றால் வால்வு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், இன்ஜினை இறக்க வேண்டாம். புகையும் பேசும்: இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, பிறகு மிதிக்கும்போது நீல நிறத்தில் ஒரு கொத்துப் புகை வந்தால் வால்வு கைடைச் சந்தேகிக்கலாம், இழுவையில் தொடர்ந்து வந்தால் ரிங்.

இடையில் ஒரு வார்த்தை. இந்த இன்ஜினின் பின் மெயின் பேரிங்கில் இப்போதைய கார்களில் உள்ளதுபோல ரப்பர் ஆயில் சீல் கிடையாது. கிராங்க்கின் மேல் திருகுபோல வெட்டிய ஒரு வரி, வெளியே வரும் ஆயிலைச் சுழற்சியாலேயே திரும்ப உள்ளே அனுப்புகிறது. வண்டி நிற்கும்போது அந்த வரியும் நிற்கும், அதனால் கீழே சில சொட்டு விழத்தான் செய்யும். அதைப் பார்த்து வாங்க வந்தவர் மிரள வேண்டாம், விற்பவரும் இன்ஜினை இறக்க ஓட வேண்டாம். ஆனால் தரையில் குளம் கட்டினால், தேய்ந்த ரிங்குகள் வழியே கசியும் வாயு கிராங்க்கேஸில் அழுத்தத்தை ஏற்றி ஆயிலை வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சோதனைகள் எல்லாம் ‘இறக்கு’ என்று சொன்னால், அதற்குப் பிறகு அரைகுறைக்கு இடமில்லை. பிளாக் போரிங் பட்டறைக்குப் போகும். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, அடி என மூன்று ஆழத்தில், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் டயல் கேஜ் வைத்து அளப்பார்கள். மேலே 73.20, அடியில் 73.03 என்பது போல எண்கள் வந்தால் ஹோனிங் போதாது, ரீபோர்தான். இந்த இன்ஜினுக்கு 10, 20, 30, 40 தௌ என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் உண்டு. கடைசிப் படியான 40 தௌ வரை குடைந்தால் 1489 சி.சி. இன்ஜின் 1531 சி.சி. ஆகிவிடும். அதற்கு மேல் ஸ்லீவ் அடித்து, பழைய அளவுக்கே திரும்ப வேண்டியதுதான். ஒவ்வொரு ரீபோரும் அந்த பிளாக்கின் ஆயுளில் ஒரு படியைச் செலவழிக்கிறது. தேவையில்லாமல் இறக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

கோயம்புத்தூரில் ஒரு போரிங் பட்டறைப் பெரியவர் சொன்னது: “தம்பி, மொதல்ல பிஸ்டனைக் கொண்டாங்க. பெட்டியில எழுதியிருக்கற அளவை நம்பி நான் போர் பிடிக்க மாட்டேன்.” நான்கு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தச் சிலிண்டர் என்று எண் குறித்து, அதற்கேற்பக் குடைவதே சரியான முறை. நல்ல பட்டறையை அடையாளம் காண இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

குடைந்தபின் ஹோனிங். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் விழவேண்டும். கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தால் ஆயில் தங்காது. கீறல்களின் பள்ளத்தில் ஆயில் தங்கும், மேடுகளின் மேல் ரிங் உரசி, தன் வடிவத்தைச் சுவருக்குப் பொருத்திக்கொள்ளும். ஹோனிங் கல்லின் தூள் அந்தப் பள்ளங்களில் ஒளிந்துகொள்ளும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவினால் அது முழுக்கப் போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவல். துணி வெள்ளையாகவே வரும்வரை விடக் கூடாது. ஆயிரக்கணக்கில் செலவழித்த இன்ஜின் இந்தத் துணி விஷயத்தில் சோம்பல்பட்டதால் வீணாவது எனக்குத் தாங்க முடியாத ஒன்று.

ஹெட்டைக் கழற்றியிருக்கும்போது இன்னொரு வேலையையும் முடித்துவிட வேண்டும். இந்த இன்ஜின் பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. தட்டாமல் எரிவதற்காகச் சேர்த்த ஈயச் சேர்மம், எரிந்தபின் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படிவாகப் படிந்து, இரண்டு சூடான உலோகங்கள் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது. ஈயத்தின் நச்சுக்காக அதை விலக்கியது மிக நல்ல முடிவு. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. ஆனால் வார்ப்பிரும்பிலேயே வெட்டிய சீட்டுகள் பாதுகாப்பை இழந்துவிட்டன. வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதைகிறது, டேப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே போகிறது, கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் எரிகிறது. எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையம் அடித்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கட்டுகளையும் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இன்ஜின் பூட்டியாயிற்று. இனிதான் நான் முதலிலேயே சொன்ன கடைசிக் கட்டம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்ற வேண்டும். புதுக் கேம் ஷாஃப்டும் டேப்பட்டும் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் ஏறக்குறைய 2000 சுற்றில் 20 நிமிடம் வைக்க வேண்டும். கேமுக்கும் டேப்பட்டுக்கும் ஆயில் பெரும்பாலும் கிராங்க் வீசியடிக்கும் தெறிப்பில்தான் கிடைக்கிறது. மெதுவாகச் சுற்றினால் தெறிப்பு போதாது, முதல் சில நிமிடங்களிலேயே கேமின் மூக்கு மழுங்கிவிடும். துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்க்கை போதிய அளவில் உள்ள ஆயில் இங்கே அவசியம். புதிய கார்களுக்கான ஆயில்களில், புகைபோக்கியின் வினையூக்கியைக் காப்பதற்காக அதைக் குறைத்திருக்கிறார்கள்.

அடுத்தது சாலை. புது இன்ஜினைப் பச்சைக்குழந்தைபோல ஊர்ந்து ஓட்ட வேண்டும் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் பின்னால் புகும் வாயு என்று பார்த்தோம். பாரமே இல்லாமல் ஊர்ந்தால் வாயு அழுத்தம் குறைவு, ரிங் சுவரில் பொருந்தாது. ஆயில் சுவரிலேயே கருகி, கீறல்களை அடைத்துப் பளபளப்பாக்கிவிடும். அப்படியானால் மறுபடி கழற்றி ஹோனிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே வேகத்தை மாற்றி மாற்றி, மிதமான இழுவை கொடுத்து, இடையிடையே ஆக்ஸிலரேட்டரை விட்டு ஓட்ட வேண்டும். உச்ச வேகமும் கூடாது, நீண்ட ஐடிலும் கூடாது, இன்ஜினை முக்கவைக்கும் டாப் கியர் ஏற்றமும் கூடாது. சுமார் 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட்டை மறுபடி டார்க் வைத்து இறுக்கி, டேப்பட்டை 15 தௌவுக்கு வைத்தால் அப்போதுதான் இன்ஜின் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

விற்பனைக்காக அவசரமாக வேலை பார்த்த வண்டி பெரும்பாலும் இந்த 800 கிலோமீட்டரைப் பார்ப்பதே இல்லை. வாங்குபவருக்குக் கிடைப்பது சோதனை ஆகாத இன்ஜின். நன்றாக ஓடிப் பழகிய, அளவுகள் சரியாக உள்ள பழைய இன்ஜினைவிட அது ஆபத்தானது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதி, பின்னர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வண்டியின் உள்ளே இருப்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் மோசமென்றே எண்ணி விலை பேசுகிறார், நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையைவிட்டே விலகிவிடுகிறார் என்பது அவர் வாதம். ‘புது வேலை’ என்ற வாய்ச்சொல் இந்த இடைவெளியைக் குறைக்காது. மூடிய இன்ஜினுக்குள் புதுப் பிஸ்டன் இருக்கிறதா, துடைத்து வைத்த பழைய பிஸ்டன் இருக்கிறதா என்று யார் பார்த்தது?

எண்கள்தான் அதைக் குறைக்கும். சூடான இன்ஜினின் ஆயில் பிரஷரும் நான்கு சிலிண்டர் கம்ப்ரஷனும் எழுதிய தாளை வாங்க வருபவரிடம் கொடுங்கள், அவர் கண்முன்னே மறுபடி அளந்து காட்டுங்கள். இன்ஜினை இறக்கியிருந்தால் போரிங் பட்டறையின் அளவுச் சீட்டு, கிராங்க் எந்த அளவுக்குக் கிரைண்ட் ஆனது, எந்த பிஸ்டன் அளவு என்ற விவரம் வேண்டும். கழற்றிய பேரிங் ஷெல்களையும் தூக்கிப்போடாதீர்கள். தெரிந்தவர் கையில் அவை முழு மருத்துவ அறிக்கை: மேலே உள்ள மென்மையான சாம்பல் பூச்சு சீராக மங்கியிருந்தால் இயல்பான தேய்மானம், கீறல்கள் ஓடியிருந்தால் ஆயிலில் அழுக்கு, அடியில் உள்ள செம்பு நிறம் வெளிப்பட்டிருந்தால் இறக்கியது நியாயம்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய, மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்து பெரிய அளவில் உருமாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றிய அம்பாசிடர்கள் ஏராளம். அந்த வழியில் போகாமல் தப்பிய வண்டி உங்களிடம் இருந்தால், பிளாக்கில் உள்ள இன்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால் அந்த பிளாக்கைப் பட்டறையில் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்காதீர்கள். ஸ்லீவ் அடித்தாவது அதையே காப்பாற்றுங்கள்.

இன்ஜினை இறக்கிப் பூட்டியும், 800 கிலோமீட்டர் ஓட்ட உங்களுக்கு நேரமில்லை என்றால் அதை மறைக்க வேண்டாம். ‘பூட்டியிருக்கிறது, ஓடிப் பழகவில்லை’ என்று சொல்லி, அளவுச் சீட்டையும் பழைய ஷெல்களையும் கையில் கொடுத்து, எப்படி ஓட்ட வேண்டும், எப்போது ஆயில் மாற்றி ஹெட்டை இறுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அதற்கேற்ப விலையையும் குறைத்துக்கொள்ளுங்கள்.